பிள்ளை நம்மோடு சேர்ந்து பேசவில்லையா? காது டெஸ்ட்டிலிருந்து சான்றிதழ் வரை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அல்லது பேச்சு வந்துவிட்டது, ஆனால் நம்மோடு பேசுவதாகத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பள்ளியில் கேட்டால் "தனியாவே உட்கார்ந்திருக்கான்" என்கிறார்கள். இப்படி ஏதோ ஒன்று உங்களை உறுத்திக்கொண்டிருந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் மகனுக்காக நாங்கள் அலைந்தபோது தகவல் எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஓர் அறையில் கேட்கும் காகிதம் அடுத்த அறையில் தேவைப்படாது, அடுத்த அறையில் கேட்பது நம் கையில் இருக்காது. எது முதலில், எது பிறகு என்று யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. அந்த வரிசைதான் இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இது ஆட்டிசமா (பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கும் வளர்ச்சி நிலை), வெறும் பேச்சுத் தாமதமா, வேறு ஏதாவதா என்று பெயர் தெரியும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டில் தொடங்கவேண்டியதை இன்றைக்கே தொடங்கிவிடலாம். அதை ஆறாவது படியில் எழுதியிருக்கிறேன், அவசரமாக இருப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வந்தாலும் சரி.

1. எதைக் கவனிப்பது

பிள்ளை எத்தனை வார்த்தை பேசுகிறது என்பதில்தான் வீட்டில் எல்லாருடைய கவனமும் இருக்கும். வார்த்தைக்கு முன்னாலேயே வரவேண்டியவை சில உண்டு, டாக்டர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு வயதை நெருங்கும்போது பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா? டாட்டா காட்டுகிறதா? ஒன்றரை வயதில் விரல் நீட்டுகிறதா? வேண்டியதைக் கேட்பதற்காக நீட்டுவது ஒரு வகை. வானத்தில் விமானம் போகும்போது அதைக் காட்டிவிட்டு, நாமும் பார்த்தோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது மிகவும் முக்கியம். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தால் போய்ச் சேர்ந்துகொள்ள ஆசை வர வேண்டும்.

பேச்சு நிறைய இருக்கும் பிள்ளைகளில்தான் இது கண்ணில் படாமல் போகிறது. என் மகன் மூன்று வயதில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பை "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, வண்டி எண், பிளாட்பாரம் எண் வரை ஓர் எழுத்து பிசகாமல் சொல்வான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "என்ன ஞாபகசக்தி!" என்று வியந்தார்கள். ஆனால் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் அவன் பதிலும் "தண்ணி வேணுமா" என்பதுதான். தாகம் எடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பானைமேல் என் கையை வைப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலேலியா என்று பெயர். பேசப் பழகும் எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்ச நாள் இருக்கும். மூன்று வயதுக்குப் பிறகும் பேச்சில் பெரும்பகுதி அதுவாகவே இருந்தால் காட்டிவிடுவது நல்லது.

நான்கைந்து வயதுக்குமேல் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். டைனோசரைப் பற்றி அரைமணி நேரம் பேசும், எதிரில் இருப்பவர் கேட்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று பார்க்காது. "உன்னக் கடிச்சுத் தின்னுடுவேன்" என்று பாட்டி கொஞ்சினால் நிஜமாகவே பயந்து அழும். டீச்சரை "நீ" என்று கூப்பிடும், பூனைக்குட்டியை "நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேட்கும். யாரிடம் எப்படிப் பேசுவது என்பதை மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதை ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டில் கலகலப்பாக, கண்ணைப் பார்த்து, மாற்றி மாற்றிப் பேசும் பிள்ளை வெளியாட்கள் முன்னால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அது கூச்சம்தான். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை என்றால் அது தனி விஷயம், அதற்கும் உதவி இருக்கிறது, காட்டுங்கள்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தனியாக உட்கார்ந்து பொம்மைகளை வரிசைப்படுத்தும் பெண் பிள்ளையை "ரொம்பச் சமத்து, தொந்தரவே இல்ல" என்று பாராட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அதனால் அவர்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தாமதமாகிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. முன்பு சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளோ, காட்டிக்கொண்டிருந்த டாட்டாவோ நின்றுபோனால் எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். நேராகக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

"ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேசினார்" என்பதை எல்லாம் நம் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஆறுதலில் ஒரு வருடம் போய்விடும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. நாக்கு ஒட்டியிருப்பதை வெட்டிவிட்டால் பேசிவிடும் என்று யாராவது சொன்னால், அது சில எழுத்துகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாமே தவிர, பெயர் சொன்னால் திரும்பாததற்கோ விரல் நீட்டாததற்கோ காரணமாக முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

2. ஒரு நோட்டு, நாலைந்து வீடியோ

டாக்டரின் அறையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை ஒன்று அழும், இல்லை அதிசயமாகச் சிரித்துக்கொண்டு கண்ணைப் பார்க்கும். வீட்டில் எப்படி இருக்கிறது என்பதைக் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். "பிடிவாதம் பிடிக்கிறான்" என்று எழுதாமல் நடந்ததை எழுதுங்கள்: "மின்விசிறி நின்றதும் இருபது நிமிடம் அழுதான். தூக்கினால் உதறினான். மறுபடி ஓடியதும் நிறுத்திவிட்டான்." எந்த வயதில் உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை என்ன என்பதையும் ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதையே ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள்.

வீடியோ ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, தானாக விளையாடும்போது, ஏதாவது வேண்டும் என்று கேட்கும்போது, மற்ற பிள்ளைகளோடு இருக்கும்போது. கூப்பிட்டவுடன் கேமராவை அணைக்காமல் கொஞ்சம் ஓடவிடுங்கள்.

பிள்ளைக்குப் பதினாறு முதல் முப்பது மாதத்துக்குள் என்றால் எம்-சாட் என்ற கேள்வித்தாளை நீங்களே நிரப்பிப் பார்க்கலாம். மொத்தம் 20 கேள்வி, ஆம் இல்லை என்ற பதில்தான். இலவசம். கவலைக்குரிய பதில்கள் 0 முதல் 2 வரை வந்தால் கவலை குறைவு. 3 முதல் 7 வரை என்றால் டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது, மேற்கொண்டு பார்க்கவேண்டுமா என்பதை மட்டும் இது சொல்லும்.

3. காது டெஸ்ட்

"கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆனால் பக்கத்து ரூமில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டு ஓடிவருகிறான், அதனால் காது நன்றாக இருக்கிறது." இதைச் சொல்லாத பெற்றோர் இல்லை. இருந்தாலும் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்பது மங்கும். பிறந்தபோது எடுத்த டெஸ்ட்டில் பாஸ் ஆனதும் இப்போதைக்குச் செல்லாது. தவிர, காது ரிப்போர்ட் இல்லாமல் போனால் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் திருப்பி அனுப்புவார், மாற்றுத்திறனாளி என்பதற்கான அரசுச் சான்றிதழ் தரும் டாக்டரும் திருப்பி அனுப்புவார்.

சின்னப் பிள்ளைகளுக்கு பெரா டெஸ்ட் எடுப்பார்கள். தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போகும் சிக்னலைப் பார்ப்பார்கள். வலிக்காது. ஆனால் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் முந்தைய இரவு லேட்டாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் அரைமணி நேரம் தூங்கிவிட்டால் அங்கே போய்த் தூங்காது, அந்த நாள் வீண். தூக்கத்துக்கு சிரப் கொடுப்பார்கள். எப்போது சாப்பாடு கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு வழியாக இதை எடுத்துக்கொள்ளலாம், தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தேதி கிடைக்க நாளாகலாம் என்பதால் மற்ற வேலைகளுக்கு முன்னால் இதற்குப் பதிவு செய்துவிடுங்கள்.

4. யாரிடம் போவது

வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் தொடங்கலாம். அவர் "பொறுத்துப் பாருங்க" என்று மட்டும் சொன்னால், "எவ்வளவு நாள், எது வந்தால் சரி, வராவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் நீங்களே அடுத்த இடத்துக்குப் போகலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அரசில் போகவேண்டிய இடம் டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 2013-க்குப் பிறகு வந்தவை இவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது. குழந்தை மருத்துவர், ஸ்பீச் தெரபிஸ்ட், பிசியோ, மனநல ஆலோசகர், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சில மாவட்டங்களில் ஏதாவது ஒரு பணியிடம் காலியாக இருக்கும். மருத்துவமனை வாசலில் "குழந்தைகள் வார்டு எங்கே" என்று கேட்டால் வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள், "டி.இ.ஐ.சி. எங்கே" என்றே கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழுவிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டும் போகலாம், நேராகவும் போகலாம்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. எல்லோரும் நிப்மெட் என்பார்கள். மதிப்பீடு, பயிற்சி, சிறு குழந்தைகளுக்கான வகுப்பு எல்லாம் அங்கே உண்டு. தனியாரில் டெவலப்மென்டல் பீடியாட்ரீஷியன் (குழந்தை வளர்ச்சி மருத்துவர்) என்று போர்டு போட்டிருப்பவர்களும், குழந்தைகள் மனநல மருத்துவர்களும் பார்ப்பார்கள். பெரிய நகரங்களில்தான் இவர்கள் அதிகம்.

முதல் நாள் ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஆதார், ரேஷன் அட்டை, தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, காது ரிப்போர்ட், உங்கள் நோட்டு. டிஸ்சார்ஜ் சம்மரியை அசட்டையாக விடாதீர்கள். பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா, ஃபிட்ஸ் வந்ததா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள்.

இப்போதே பெயரையும் இனிஷியலையும் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், ரேஷன் அட்டையில் இல்லவே இல்லை என்றால், சான்றிதழ் வாங்கும் நேரத்தில் அது பெரிய முட்டுக்கட்டையாகிவிடும். ஆதாரைத் திருத்துவதற்கு இதுதான் நல்ல நேரம். ஐந்து வயது முடிந்ததும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிப்பதையும் மறக்காதீர்கள்.

5. மதிப்பீடும் ரிப்போர்ட்டும்

ஒரே நாளில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் விளையாட்டு சாமான்களோடு பிள்ளையைப் பார்ப்பார், இன்னொருவர் உங்களைக் கேள்வி கேட்பார். கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது பிள்ளையின் ஆகச் சிறந்த நாளை வைத்துச் சொல்லாதீர்கள். "ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்டான்" என்பதை வைத்து "அப்பா சொல்வான்" என்று டிக் அடித்தால், வரவேண்டிய உதவி குறைந்துவிடும். சாதாரண செவ்வாய்க்கிழமையில் எப்படி இருக்கிறானோ அப்படிச் சொல்லுங்கள்.

இந்தியாவில் அரசுச் சான்றிதழுக்குப் பயன்படுத்துவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. தனியார் மையம் வேறு அளவுகோலில் எடுத்திருந்தால், சான்றிதழுக்குப் போகும்போது இதை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதனால் பணம் கட்டுமுன் எந்த டெஸ்ட் எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தில் வரும் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களோ, ஒன்றிலேயே ஒட்டிக்கொள்ளும் ஆர்வமோ இருக்காது. பேச்சைச் சூழலுக்கு ஏற்பப் பயன்படுத்துவதில் மட்டும் சிரமம் இருக்கும். அதற்கு சோஷியல் கம்யூனிகேஷன் டிஸார்டர் என்ற தனிப் பெயர் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் வந்தது. நான்கைந்து வயதுக்கு முன் இந்தப் பெயரைப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் அதற்குப் போதுமான பேச்சு வந்திருக்க வேண்டும். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, இந்தப் பெயரில் தனி வகை இல்லை. ரிப்போர்ட்டில் இது மட்டும் இருந்தால் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். பயிற்சிக்கு அது தடையே இல்லை.

ரிப்போர்ட்டை எழுத்தில், கையெழுத்தோடும் பதிவெண்ணோடும் வாங்குங்கள். "ஆட்டிஸ்டிக் ஃபீச்சர்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

6. வீட்டில் இன்றைக்கே தொடங்கக்கூடியவை

வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தெரபி. மீதி நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம்தான் இருக்கிறது.

தரையில் உட்காருங்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே உங்கள் முகம் வர வேண்டும். பிள்ளை என்ன செய்கிறதோ அதையே நீங்களும் செய்யுங்கள். கார் சக்கரத்தைச் சுற்றினால் நீங்களும் இன்னொரு காரின் சக்கரத்தைச் சுற்றுங்கள். முதல் சில நாள் உங்களைக் கண்டுகொள்ளாது. ஒரு நாள் தலை நிமிர்ந்து பார்க்கும். அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது காத்திருப்பது. பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடும்போது "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை கண்ணைப் பார்த்தாலும், கையை ஆட்டினாலும், "ணு" என்று ஒரு சத்தம் வந்தாலும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு "மூணு!" என்று தூக்குங்கள். எங்கள் வீட்டில் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுச் சர்க்கரையைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் என் கையைப் பிடித்து இழுத்தான். சில வாரம் கழித்துக் கையைப் பார்த்தான், அப்புறம் முகத்தைப் பார்த்தான். "சக்க" என்ற வார்த்தை அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. பிடித்த சாமான்களை மூடி இறுக்கிய கண்ணாடி டப்பாவில் போட்டு வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான், திறக்க உங்களிடம் வந்தாக வேண்டும். ஆனால் பசியோடு அழும் பிள்ளையிடம் இதைச் செய்யாதீர்கள். விளையாட்டாக இருக்கும்வரைதான் இதனால் பயன்.

"இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" என்று பரீட்சை வைப்பதைக் குறையுங்கள். கேள்வி கேட்பதற்குப் பதிலாக நடப்பதைச் சொல்லுங்கள்: "தண்ணி ஊத்துறேன். சில்லுனு இருக்கு." "சொல்லு, சொல்லு" என்று நெருக்கினால் வாய் இன்னும் மூடிக்கொள்ளும்.

மொபைல், டிவி. இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மொபைலைக் குறைத்தால் நாம் பிள்ளையோடு இருக்கும் நேரம் கூடும், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் "மொபைல் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது" என்று அம்மாவைக் குற்றம் சாட்டுபவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். ஆட்டிசம் வளர்ப்பால் வருவதில்லை.

இன்னொன்று மொழி. "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்" என்று சில மையங்களில் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உங்களுக்குச் சிரிக்கவும் கொஞ்சவும் கோபப்படவும் வரும் மொழியிலேயே பேசுங்கள். தாத்தா பாட்டியோடு பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

7. தெரபியும் செலவும்

தனியாரில் முக்கால் மணி நேர செஷனுக்கு ஊரைப் பொறுத்து 400 முதல் 1,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஸ்பீச், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி) இரண்டும் வாரத்துக்கு மூன்று என்றால் மாதச் செலவு சம்பளத்தையே தின்றுவிடும். டி.இ.ஐ.சி.யில் இலவசம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் அதை எடுத்துக்கொண்டு, அங்கே சொல்லித்தருவதை வீட்டில் தினமும் செய்யலாம். பெற்றோரை அறைக்குள் உட்காரவிட்டு சொல்லித்தரும் தெரபிஸ்ட் குறைந்த நாளில் அதிகம் செய்வார் என்பது நான் கண்ணால் பார்த்தது.

ஸ்பீச் தெரபிஸ்ட், ஆடியாலஜிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பாசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் ஆர்.சி.ஐ.யில் வர மாட்டார்கள், அவர்களிடம் பட்டத்தைக் கேளுங்கள்.

ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்கும் இடத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பாருங்கள். ஓர் இடத்தில் எங்களிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு மூன்று மாதத்துக்குள் தெரபிஸ்ட் மாறிக்கொண்டே இருந்தார், பணமும் திரும்பி வரவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதித்தரச் சொல்லுங்கள். "பேச வைப்பது" என்பது இலக்காகாது. "வேண்டியதை ஒரு நாளைக்குப் பத்து முறை விரல் நீட்டியோ வார்த்தையிலோ கேட்பது" என்பது இலக்கு.

"ஆறு மாதத்தில் நார்மல் ஆக்கிவிடுகிறோம்" என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அதற்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போகாதீர்கள்.

8. பள்ளி

எல்.கே.ஜி. சேர்க்கும்போது மறைத்துச் சேர்க்கலாமா என்று எல்லாருக்கும் தோன்றும். மறைத்தால் இரண்டாவது மாதமே "கூட்டிட்டுப் போயிடுங்க" என்று போன் வரும். சொல்லிச் சேர்ப்பதே மேல். 2016 சட்டப்படி அரசு நிதியிலோ அரசு அங்கீகாரத்திலோ நடக்கும் எந்தப் பள்ளியும் இயலாமையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. இயலாமை 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் இருக்கும் பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. அரசுப் பள்ளி என்றால் ஒன்றிய அளவில் வட்டார வள மையம் இருக்கும். அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி அவர்களை வரவழைக்கலாம்.

வகுப்பு ஆசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மருத்துவச் சொற்கள் வேண்டாம். நாங்கள் எழுதியதில் ஒரு பகுதி: "'எல்லாரும் நோட்டை எடுங்க' என்றால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று இவனுக்குத் தெரியாது. பெயர் சொல்லி ஒருமுறை தனியாகச் சொல்லுங்கள், எடுத்துவிடுவான். பெல் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வான், திட்ட வேண்டாம். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் கொடுங்கள்." மிஸ் அதை மேஜையிலேயே ஒட்டி வைத்துக்கொண்டார். அந்த வருடம் அவன் பள்ளிக்கு அழாமல் போனான்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு நெருங்கியபின் ஓடினால் நடக்காது.

9. சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும்

சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் பேர் கெட்டுவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அதை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் அது இல்லாமல் கீழே சொல்லும் எதுவும் கிடைக்காது.

சான்றிதழுக்கும், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்து, ஸ்வாவ்லம்பன் கார்டு என்ற மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தில் செய்தால் அவர்களுக்கு உண்டான சின்னத் தொகை மட்டும். பிள்ளையின் ஆதார், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பிள்ளையின் கைரேகை வேண்டும். விண்ணப்பத்தில் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தால் பழைய ரிப்போர்ட்டுகள் கைகொடுக்கும். அங்கே மனநலப் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ ஐ.எஸ்.ஏ.ஏ.வும், தேவைப்பட்டால் ஐ.க்யூ. டெஸ்ட்டும் எடுத்து சதவீதம் போடுவார்கள். சான்றிதழ் தரும் மருத்துவக் குழு கூடும் கிழமை மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். விண்ணப்பம் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், வேலை நகரும்.

அட்டை வெள்ளையில் வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழே, மஞ்சள் என்றால் 40 முதல் 80-க்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். 40 இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள்.

அட்டை வந்ததும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது, ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதற்குள் ஒரு வரம்புவரை பணம் திரும்பக் கிடைக்கும். சேர்க்கைக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. ஒவ்வொரு தெரபி பில்லும் அசலாக, தேதியோடும் பதிவெண்ணோடும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ஆடிட்டர்கள் இதை 80டிடி என்பார்கள், ஆட்டிசத்துக்கு அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். தமிழக அரசின் மாத உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு உங்கள் பிள்ளையின் வகையும் சதவீதமும் பொருந்துமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை, தெரபிக்குப் போய்வரும் வீடுகளுக்கு மாதக் கடைசியில் இதன் அருமை தெரியும்.

அசல் காகிதத்தை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து வையுங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நிரந்தரச் சான்றிதழ் தர மாட்டார்கள், முடியும் தேதி அதிலேயே இருக்கும். அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.